மூன்று மணி நேரத்தில் இருக்கும் துபாய்

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

உங்கள் கருமாதி முடிந்து அண்ணன் நேற்றுத் துபாய்க்குத் திரும்பிப் போனார். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாதாம். உங்களைத் தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

பம்பாயிலிருந்து துபாய்க்கு விமானத்தில் மூன்று மணி நேரம் என்று அண்ணன் எப்போதோ சொன்னார். அன்றிலிருந்து அன்னூர் டீக்கடை முழுக்க உங்களுக்கு அதே பேச்சு. "எம்பட பையன் பக்கத்துலதானுங்க இருக்கறான். மூணு மணி நேரம்!" உடுமலைப்பேட்டையிலிருந்து பஸ் மாறி மாறி நான் வருவதற்கும் அதே மூன்று மணி நேரம்தான். என்னைப் பார்த்ததும் மட்டும், "ஏ அம்மணி, இத்தன தொலவு எதுக்கு அலையற?" என்பீர்கள். துபாய் பக்கம், உடுமலை தொலைவு. இது எந்த ஊர்க் கணக்கு அப்பா?

அண்ணனுக்கு லீவு கிடைக்க வேண்டும். கம்பெனி வாங்கி வைத்திருக்கும் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர வேண்டும். பம்பாயில் இறங்கிக் கோயமுத்தூருக்கு வேறு விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டும். எத்தனை தடவை சொன்னேன்! பறக்கிற நேரம் மட்டும்தான் உங்கள் காதில் விழுந்தது.

அப்புறம் அந்தச் சொல். போனில் பேசி முடிக்கும்போது "வெக்கறேன்" என்றால் உங்களுக்குப் பிடிக்காது. "எதய வெக்கற, சோத்துக் குண்டாவையா? வாரேன்னு சொல்லு" என்று எங்கள் இருவரையும் பழக்கியதே நீங்கள்தான். வயிற்று வலியோடு நீங்கள் கிடந்த ஆஸ்பத்திரிக்கு அண்ணன் போன் செய்தபோதும் வழக்கம்போல, "சரிங்கப்பா, வாரேனுங்க" என்று முடித்தார். நீங்கள் அதைப் பிடித்துக்கொண்டீர்கள்.

குடலில் அடைப்பு, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். "எம்பையன் வந்தரட்டுமுங்க. வாரேன்னு சொல்லிப்போட்டான், மூணு மணி நேரந்தானுங்களே" என்றீர்கள்.

"அப்பா, அது போனை வெக்கறதுக்குச் சொல்ற வாரேனுங்க."

"அவன் பேச்சு மாற மாட்டான் கண்ணு."

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். ஓடிப்போய் அண்ணனுக்குப் போன் போட்டேன். "நா எப்ப அம்மணி வாரேன்னு சொன்னேன்?" என்று பதறினார். அன்றே பாஸ்போர்ட்டுக்கு அலைய ஆரம்பித்தார். அவர் வந்து சேர்ந்தபோது உங்களை எரித்தாகிவிட்டது.

பக்கத்தில் நான் இருந்தேனே அப்பா. நான் வந்தது வந்ததாகக் கணக்கில்லையா? எனக்காக ஒரு கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாதா?

நேற்று வாசலில் அண்ணன் "வா..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

இனி எங்கள் வீட்டில் வருகிறவர்கள் மட்டும்தான் "வாரேன்" என்று சொல்வார்கள். என் பிள்ளைகளை அப்படித்தான் பழக்குவேன், இது சத்தியம். இந்தக் கடிதத்தை முடிக்கையிலும் பழக்கதோஷத்தில் அந்தச் சொல்லைத்தான் எழுதப் போனேன். எழுதினால் நம்பிவிடுவீர்கள், அங்கேயும் உட்கார்ந்து வழி பார்ப்பீர்கள். எனக்கு இங்கே வளர்க்க வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். காத்திருக்காதீங்க.

வெக்கறேனுங்கப்பா.

உடுமலைப்பேட்டையிலிருந்து,
உங்கள் அம்மணி