கயிற்றைக் கட்டியது நான்தான், அத்தான்

என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. இத்தனை நாளில் உங்களுக்கு நான் ஒரு வரி எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் எதை எழுத வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனாலேயே உட்காரவில்லை.

முதலில் வீட்டுச் சேதி. தெற்குப் புஞ்சையில் அக்கா இந்த வருஷமும் மல்லிதான் போட்டாள். மழை ஏமாற்றியதில் பாதிச் செடி பூவோடு கருகிவிட்டது. நீங்கள் வெடிவைத்து ஆழப்படுத்திய கிணற்றிலும் தண்ணீர் இல்லை. தனம் பத்தாவது படிக்கிறாள், திருச்சுழிக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். உங்களைப் போலவே நெட்டையாக வளர்ந்துவிட்டாள். போன வருஷப் பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. நான் கிருஷ்ணகிரியிலிருந்து மாற்றல் வாங்கி அருப்புக்கோட்டை ஆபீசுக்கே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா வீட்டில்தான் சாப்பாடு.

இன்னொரு சேதியும் இருக்கிறது. அக்கா இப்போது உங்களை 'அவுக' என்று சொல்வதில்லை, அத்தான். 'அந்த ஆளு' என்கிறாள். உங்கள் போட்டோவைச் சுவரில் மாட்டவில்லை, பெட்டிக்குள் பழைய சேலைகளுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாள். வருஷ நாளன்று சொந்தக்காரர்கள் யாராவது ஞாபகப்படுத்தினால், "பொண்டாட்டி புள்ளய நெனைக்காம பாறையில ஏறுன ஆளுக்கு என்னத்தப் படைக்கிறது?" என்று சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறாள்.

அவளை அப்படிப் பேசவைத்தவன் நான்.

ஊரெல்லாம் கேட்கும்படி சொன்ன பொய் இது. அப்போது பேப்பரில்கூட நாலு வரி வந்தது. அதனால் இந்தக் கடிதத்தையும் பேப்பருக்கே அனுப்பி நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். உங்களைத் தெரியாதவர்களும் உங்களைத் தெரிந்துகொள்ளட்டும்.

எனக்குக் கிருஷ்ணகிரியில் வேலை கிடைத்துப் போன புதிதில் அந்த ஊர்ப் பாறைகளைப் பார்த்து அசந்து போனேன். நம் பக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் கரிசல்தானே. அங்கே ரோட்டோரத்திலேயே வீட்டு உயரத்துக்கு அடுக்கி வைத்த மாதிரிப் பாறை. ஆபீசில் என்னோடு வேலை பார்த்த தேவராஜ் லீவு நாளில் கயிறு கட்டிப் பாறை ஏறுவார். பெங்களூர்ப் பையன்களோடு சேர்ந்து முறையாகப் படித்தவர். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கிணற்றில் எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிறவன் நான். சின்ன வயசில் அதற்காக என்னைக் கேலி செய்யாத ஆள் கிடையாது, உங்களைத் தவிர. அப்படிப்பட்டவன் ஒரு வருஷத்தில் நாற்பதடிப் பாறையில் ஏறி நின்றேன். அதை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெறும் ஆசைதானா என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மே மாதம் தனத்துக்குப் பள்ளிக்கூட லீவு விட்டதும் வரச்சொல்லி எழுதினேன். மதுரைக்கு ஒரு பஸ், சேலத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று என்று மாறி மாறி வந்து இறங்கினீர்கள். அக்கா கையில் காராச்சேவுப் பொட்டலம், கருவாடு, மிளகாய் வத்தல். "அந்த ஊருல எல்லாம் இனிப்பால்ல சமைப்பாகளாம்," என்றாள். நீங்கள் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்ததும் மாந்தோப்புகளைத்தான் பார்த்தீர்கள். காய் தொங்கிய கிளைகளுக்கு முட்டுக் கொடுத்திருந்ததைக் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்:

"ஏ மாப்ள, இம்புட்டுக்கும் தண்ணி எங்கிட்டிருந்துய்யா வருது?"

ஊருக்கு வெளியே ஏரிக்கரையில், பாறையடிவாரத்தில், தேவராஜ் கொண்டுவந்த கூடாரத்தை அடித்தோம். தனம் ஏழெட்டுத் தடவை உள்ளே போய் வெளியே வந்தாள். "துணி வீடும்மா, துணி வீடு!" என்று கத்தினாள். மூன்று கல்லைக் கூட்டி அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கல்யாணம் ஆன பிறகு உங்களோடு வெளியூரில் தங்குவது இதுதான் முதல் தடவை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் தனத்தின் இடுப்பில் தேவராஜ் கயிற்றைக் கட்டி, சரிவான ஒரு பாறையில் ஏற்றினார். பதினைந்து அடிகூட இருக்காது. அவள் ஏறி இறங்கும் வரைக்கும் நீங்கள் கீழே இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றீர்கள். கயிறு இருக்கிறது, விழமாட்டாள் என்று தேவராஜ் எத்தனை தடவை சொல்லியும் கைகளை இறக்கவில்லை. இந்த மனுஷரையா, அத்தான், பிள்ளையை நினைக்காதவர் என்று ஊர் பேசுகிறது?

மறுநாள் காலையில் தேவராஜ் ரொட்டியும் பாலும் வாங்க டவுனுக்குப் புறப்பட்டார். "நான் வர்ற வரைக்கும் கயிறைத் தொட வேணாம் சார்," என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார். அக்காவும் தனமும் ஏரியில் குளித்துத் துணி துவைக்கப் போனார்கள். நாம் இரண்டு பேரும்தான் இருந்தோம்.

நான்தான் ஆரம்பித்தேன். "வாங்க அத்தான், ஒரு தடவ ஏறிப் பாருங்க."

"வேணாம் மாப்ள. எனக்கு எறங்கித்தான் பழக்கம். கெணத்துல படி இருக்கும், கால் வைக்க எடம் தெரியும். இது மொழுக்குன்னுல்ல இருக்கு."

"நான் மேல இருந்து புடிச்சுக்கிருவேன்."

"தேவராசு வரட்டும்யா. அவுக வந்ததும் பாப்போம்."

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "கெணத்துக்குள்ள தொண்ணூறு அடி எறங்குற ஆளு, பாறையப் பாத்தா பயப்படுறீகளே. ஊருல போய்ச் சொல்லிருவேன் பாத்துக்கோங்க," என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு தடவை நீங்கள் பயப்படுவதை நான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை நான் மேலே நிற்க வேண்டும், நீங்கள் கீழே நிற்க வேண்டும். என்னை ஒரு நாளும் கேலி செய்யாத ஒரே ஆளை நான் கேலி செய்தேன்.

நீங்கள் கோபப்படவில்லை. வேட்டியை மடித்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டினீர்கள். உங்கள் இடுப்பில் நானே கயிற்றைக் கட்டினேன். அப்போது கேட்டீர்கள்:

"நல்லாத்தானய்யா கட்டிருக்க?"

"யானையக் கட்டலாம் அத்தான்."

பின்பக்கமாகச் சுற்றி மேலே போனேன். உச்சியில் ஒரு உருண்டைக் கல். தேவராஜாக இருந்தால் இரண்டு இடத்தில் கட்டுவார், இழுத்துப் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடியும் கட்டுவார். நான் கயிற்றின் நுனியில் வளையம் போட்டு அந்தக் கல்லின் தலையில் மாட்டினேன். ஒரு தடவை அசைத்துப் பார்த்தேன். போதும் என்று நினைத்தேன். "வாங்க," என்று குரல் கொடுத்தேன்.

நீங்கள் நன்றாகத்தான் ஏறினீர்கள். வெறுங்காலோடு, பாறையோடு ஒட்டிக்கொண்டு ஏறி வந்தீர்கள். கயிறு தளரத் தளர நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். முப்பதடிக்கு மேல் வந்திருப்பீர்கள். உங்கள் உச்சந்தலை எனக்குத் தெரிந்தது. அங்கே கால் வழுக்கியது. கயிறு பக்கவாட்டில் வெட்டி இழுத்தது. வளையம் அந்த உருண்டைக் கல்லை விட்டு நழுவியது. ஒரு சத்தமும் இல்லை. கயிறு என் இரண்டு உள்ளங்கையையும் உரித்துக்கொண்டு போனது. நான் பிடிக்கத்தான் பார்த்தேன், அத்தான். இதை மட்டும் நம்புங்கள்.

ஓடி வந்தபோது உங்களுக்கு மூச்சு இருந்தது. கண் திறந்திருந்தது. "தனம் பாத்துராம..." என்றீர்கள். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? அக்காவைக் கூப்பிடவில்லை, ஆள் தேடி ஓடவில்லை. உங்கள் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்தேன். மூச்சு விட வசதியாக இருக்கும் என்றுதான் அவிழ்த்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அப்படியானால் அவிழ்த்த கயிற்றை எதற்குச் சுருட்டிப் பைக்குள் போட்டேன்?

அதற்குப் பிறகுதான் அக்காவைக் கூப்பிட்டேன். மாங்காய் லோடு ஏற்றிய ஒரு வேனை மறித்து உங்களை ஏற்றினோம். மாங்காய் மூட்டைகளுக்கு நடுவே அக்கா மடியில் உங்கள் தலை. ஈரப் பாவாடையோடு தனம் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்:

"எப்பிடிடா விழுந்தாக?"

"நான் கயிறு கட்டுறதுக்குள்ள அவுகளாவே ஏறிட்டாகக்கா. வேணாம்னு சொன்னேன். கேக்கல."

நான் அதைச் சொன்னபோது உங்கள் கண் திறந்துதான் இருந்தது. உங்களுக்குக் கேட்டதா, அத்தான்?

ஆஸ்பத்திரி வாசலில் வேன் நிற்கும்போது நீங்கள் இல்லை.

போலீஸ்காரரிடமும் அதையேதான் சொன்னேன். தேவராஜ் வந்து பையைத் திறந்து கயிற்றைப் பார்த்தார். நுனியில் நான் போட்ட வளையம் அவிழாமல் அப்படியே இருந்தது. என் கையைப் பார்த்தார். "நான் அங்க இல்ல சார், டவுனுக்குப் போயிருந்தேன்," என்று மட்டும் போலீஸ்காரரிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் மாற்றலாகி வரும்வரை ஆபீசில் என் மேஜைப் பக்கமே அவர் வரவில்லை.

ஊருக்குக் கொண்டுவந்து உங்களை அடக்கம் செய்த அந்த வாரம், அக்கா என் கைகளை மடியில் வைத்துத் தேங்காயெண்ணெய் தடவினாள். உங்களைப் பிடிக்கப் பதறி இறங்கியதில் பாறை உரித்துவிட்டது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். "அந்த மனுசனக் காப்பாத்தப் போயி ஒங் கையப் புண்ணாக்கிக்கிட்டியேடா தம்பி," என்று அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "எரியுதுக்கா," என்றேன்.

அன்றைக்கு விட்டது, அப்புறம் வாய் வரவே இல்லை. உங்கள் மேல் அவளுக்கு இருந்த துக்கம் என் கண் முன்னாலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கோபமாக மாறியது. எனக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு. உங்கள் உயிர் போனது என்னால். உங்கள் பெயரும் என்னால் போனது. உங்கள் பெண்டாட்டியின் மனசில் உங்களுக்கு இருந்த இடத்தில் நான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு என்ன பெயர் வைப்பது?

தனத்தின் பள்ளிக்கூடத்தில் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். போகட்டுமா என்று போன ஞாயிறு அவள் கேட்டதுமே அக்கா கரண்டியை வீசிவிட்டாள். "ஒங்கப்பன் மாதிரித் திமிரெடுத்து எங்கிட்டாச்சும் ஏறி விழவா?" என்றாள். தனம் அழவில்லை. எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பா அம்புட்டுக் கிறுக்கா?"

"இல்ல தாயி," என்றேன்.

"பெறகு ஏன் கயிறு இல்லாம ஏறுனாரு? எனக்குக் கீழ கையேந்திக்கிட்டு நின்னாருல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு மாமா. அப்பிடிப்பட்டவரு எதுக்கு ஏறுனாரு?"

பாதிச் சோற்றோடு எழுந்தேன். கை கழுவிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பி வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சொல்லிவிட்டால் மனப்பாரம் குறையும் என்று நான் நினைக்கவில்லை. எதுவும் குறையாது. நீங்கள் வரப்போவதில்லை. அக்காவுக்கு ஐந்து வருஷம் திரும்பி வராது. உங்கள் மேல் கோபப்பட்டதற்காக இனி அவள் தன்னையே திட்டிக்கொள்வாள், அதையும் நான்தான் அவளுக்குக் கொடுக்கப்போகிறேன். புருஷனும் போய், மிச்சம் இருந்த ஒரு தம்பியும் போவான். இதில் நல்லது என்று ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை. ஆனாலும் உங்கள் மகள் கேட்ட கேள்விக்குப் பதில் என் ஒருவனிடம்தான் இருக்கிறது. நான் செத்துவிட்டால் அதுவும் இல்லை.

அத்தான், நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். அக்காவையும் தனத்தையும் எதிரில் உட்காரவைத்து, கேலி செய்ததிலிருந்து கயிற்றைச் சுருட்டியது வரைக்கும் ஒன்று விடாமல் சொல்வேன். பாதியில் நிறுத்த மாட்டேன். அழுது அவர்கள் வாயை அடைக்க மாட்டேன். போலீசுக்குப் போகச் சொன்னால் போவேன். அடித்தால் வாங்கிக்கொள்வேன். வெளியே போடா என்றால் போய்விடுவேன், மன்னிக்கச் சொல்லித் திரும்பி வந்து வாசலில் நிற்க மாட்டேன். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் இந்தக் கடிதத்தைப் பேப்பருக்குத் தபாலில் சேர்ப்பேன். இது என் வாக்கு.

நாளை வரைக்குமாவது
உங்கள் மச்சினன்,
கணேசன்