கொடியப் பாக்காத திரெட்டு

பதிவு: காலக் கஞ்சிக்குப் பொறவு

வாரும்வே. சௌக்கியமா? வீட்டுல எல்லாரும் நல்லாருக்காவளா? நீரு யாருன்னு எனக்குத் தெரியாது. இந்தப் பெட்டிக்குள்ள பேசி வச்சா பின்னால எவனாவது கேப்பான்னு கம்பெனிக்காரன் சொன்னான். கேட்டாக் கேளும். கேக்காட்டி நாசமாப் போவும்.

நான் கொம்பையா. ஆட்டுக்காரன். நெலாவுல ஐஸ் வெட்டுததுக்கு, தனியாக் கெடந்து பழகுன ஆளு வேணும்னு, ஆட்டுக் கெடையில கெடந்தவனப் புடிச்சு ஏத்திட்டானுவ. இங்க ரெண்டே பேரு. இன்னொருத்தன் ராபின், மார்த்தாண்டத்துப் பய. கம்ப்யூட்டரு அவன் பாடு, சொமக்கது என் பாடு. ஐஸு வண்டி தானா வாசல் ரூமுக்கு வரும், நான் போயி எறக்கணும். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவுல, வெளிக்கதவ அடச்ச பொறவு காத்து ஊதி நெரப்புத ரூமு அது. நான் கத சொல்ல உக்காந்துட்டா எந்திரிக்க மாட்டேனாம். அதுக்கு அந்த மூதி ஒரு ஆளப் போட்டிருக்கான், ஆளுன்னா மனுசன் இல்ல.

பைத்தான்னு ஒரு பாஷை. பாம்புப் பேரு. அதுல மெயின்னு ஒருத்தன் முன்னால நிப்பான். அவனுக்குப் பின்னால கண்ணுக்குத் தெரியாம நாலஞ்சு பேரு வேல பாப்பானுவ, காத்து ஊதுதவன், சூடு போடுதவன்னு. இவனுவளத்தான் திரெட்டுங்கான் ராபின். ஒருத்தன் நிக்கணும்னா மெயின் கொடியத் தூக்குவான். வேல செய்யுதவன் நடுநடுவுல தலையத் தூக்கிக் கொடியப் பாத்து, அவனா நிக்கணும். கையப் புடிச்சு இழுத்து நிப்பாட்ட வழியே கெடையாதாம்.

இப்பப் புதுசாக் கூப்பிடுதவன் ஒருத்தன். ராபின் கொரல்லயே கூப்பிடுதான். 'கொம்பையாண்ணே, கத போதும். வண்டி வந்துட்டு. வாங்க.' நான் போயி வாசல் ரூம்ல பச்சைப் பித்தான அமுக்கணும். அமுக்காட்டி, அடுத்த கதவத் தொறந்து இன்னும் கிட்டத்துல வந்து கூப்பிடுவானாம். "காத்து எவ்வளவு இருக்குன்னு மெயின் எழுதி வைப்பான், அந்த நம்பரப் பாத்துத்தான் தொறப்பான், பயப்படாதீய"ங்கான் ராபின். பயமா? எனக்கு எரிச்சல்தாம்ல வருது.

பதிவு: ராபின் வெளிய போன பொறவு

தொளை போடுத மிஷின் நின்னு போச்சு. ராபின் பாக்கப் போயிருக்கான். வண்டி வரல. ஆனா கூப்பிடுதவன் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கான். பித்தான அமுக்குனா கொஞ்சம் அடங்குதான், பொறவு மறுபடி. திரையில 'நிறுத்து'ன்னு இருந்ததத் தொட்டேன். கொடி ஏறிட்டாம். அவன் பாக்கல. மெயினும் அவன் எப்ப முடிப்பான்னு வாயப் பொளந்து நிக்கான்.

ரேடியோவுல ராபினக் கேட்டேன்.

'ஐயையோ. அவனுக்குக் கொடியப் பாக்கச் சொல்லிக் குடுக்க மறந்துட்டேண்ணே. வந்து சரி பண்ணுதேன். மெயின மட்டும் தொட்டுராதீய. எல்லாருக்கும் உத்தரவு குடுக்கது அவந்தான்.'

'நீ வாரதுக்குள்ள எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்ல.'

'பைத்தியத்துக்கு மாத்தர இருக்குண்ணே. ஒங்க கதைக்குத்தான் இல்ல.'

வரட்டும் அந்தப் பய.

பதிவு: மெயின முடிச்ச ஒடனே

முடிச்சுட்டேன்.

எனக்கா தெரியாது? எங்கிட்ட ஒரு கருங்கிடா நின்னுச்சு, கழுத்துல மணி. அது நின்னா மொத்த மந்தையும் நிக்கும். பின்னால வாரதுவளத் தனித்தனியா எவனாவது நிப்பாட்டுவானா? முன்னால போறத மடக்கு, தீந்துச்சு. ஒரே ஒரு நாளுதான் அந்தக் கணக்குத் தப்பிச்சு. அதப் பொறவு சொல்லுதேன்.

மெயின்னு போட்டிருந்த செவப்பு வட்டத்த அமுக்கினேன். அடங்குச்சு. செத்தான் மூதின்னு சிரிச்சேன், சத்தமாவே சிரிச்சேன்.

'கொம்பையாண்ணே, கத போதும். வண்டி வந்துட்டு. வாங்க.'

பதிவு: ராபின் வந்தப்ப

அவன் ரேடியோவுல சொன்னத அப்பிடியே சொல்லுதேன்.

'அண்ணே, வாசல் ரூமுக்கு வந்துட்டேன். வெளிக்கதவு அடச்சாச்சு. காத்து நம்பர் முழுசாக் காட்டுது. தொப்பியக் கழட்டுதேன். என்ன கத ஓடு'

அம்புட்டுதான். உள்கதவுக் கண்ணாடி வழியாப் பாத்தேன். கதவு எனக்குத் தொறக்கல. கையால குத்தினேன், ஸ்டூலத் தூக்கிக் குத்தினேன். உள்ள காத்தே இல்ல. அவன் வெளிக்கதவத் தொறக்கையில எல்லாம் வெளிய போயிருக்கு, அந்த நம்பரு அதுக்கு முன்னால மெயின் உசுரோட இருக்கும்போது எழுதினது. அவன் உடுப்புல வெளிக்காத்த அளந்து காட்டுத முள்ளு பழுதுன்னு எத்தன மட்டம் கேட்டான், புதுசு அனுப்பினானா அந்தக் கம்பெனிக்காரன்? அவன் குடும்பம் வெளங்குமா?

பூமியில இருந்து சேதி வந்துச்சு.

'மெயின் முடிஞ்சாலும் புரோகிராம் சாகாது. கூப்பிடுற திரெட்டு ஓடுற வரைக்கும் எல்லாம் உயிரோடதான் இருக்கும். காத்து ஊதுற திரெட்டு உத்தரவு வரட்டும்னு சும்மா நிக்குது. இனி உத்தரவு குடுக்க ஆள் இல்ல. கொடி ஏறியும் கூப்பிடுற திரெட்டு அதைப் பாக்காது. கரண்ட்டை அணைங்க. வேற வழி இல்ல.'

கரண்ட்டு சுவிச்சு வாசல் ரூமுல. என் உடுப்பும் அங்கதான் தொங்குது. அங்க போனா நானும் ராபின் பக்கத்துல படுக்க வேண்டியதுதான்.  

அவன் செத்துக் கெடக்கான். அவன் கொரலு என்னக் கூப்பிடுது. வண்டி வந்துட்டுங்குது.

பதிவு: அடுக்களை

அடுக்களைக்கு ஓடி வந்து கதவ இழுத்து அடச்சேன். அரிசி மூட்டைய முட்டுக் குடுத்திருக்கேன். பக்கவாட்டுல நகந்து தொறக்குத கதவு, மூட்ட என்னத்தக் கிழிக்கும்.

பித்தான அமுக்க ஆளு வரலன்னு கூப்பிடுதவன் உள்கதவத் தொறந்துட்டான். அடுக்களைக்கு வெளிய நடையில இருந்த காத்து சுர்ருன்னு போச்சு. நடையில இப்பவும் கூப்பிடுவான், எனக்குக் கேக்காது. சத்தத்தச் சொமக்க அங்க காத்து இல்ல. நம்பரு இன்னும் முழுசாத்தான் காட்டும். அவனுக்கு அடுத்த கதவு இது. இதுக்குள்ள உள்ள ஸ்பீக்கரு என் தலைக்கு மேல இருக்கு. பிடுங்கலாம். பிடுங்கினா கதவு தொறக்காம இருக்குமா?

நீரு, கேக்கவரு. உள்ள வந்தீர்னா எந்த நம்பரையும் நம்பித் தொப்பியக் கழட்டாதேயும். மொதல்ல கரண்ட்ட அணையும். பொறவு ராபினத் தூக்கும், நல்லாப் புடிச்சுத் தூக்கும். அவங்க அம்மா மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால இருக்கா. மறந்தது அவன்னு அவகிட்டச் சொன்னீரு, ஒம்ம சும்மா விட மாட்டேன். அமுக்கினவன் நான்.

அந்தக் கணக்குத் தப்பின நாளச் சொல்லுதேன்னேன்லா. சொல்லிருதேன். கங்கைகொண்டான் தாண்டித் தண்டவாளம். கருங்கிடா குறுக்க போயிக்கிட்டு இருக்கும்போதே கால் மடங்கி விழுந்துட்டு. மணிச் சத்தம் நின்னு போச்சு. இனி எல்லாம் நிக்கும்னு நான் பீடியப் பத்த வச்சேன் பாத்துக்கிடும். ஒண்ணும் நிக்கல. கிடா மேலயே மிதிச்சுப் போயிக்கிட்டு இருக்கு. அங்கிட்டு ரயிலு ஊதுது. நான் கத்துதேன், கம்ப வீசுதேன், ஒண்ணு தலையத் தூக்கிப் பாக்கணுமே. கடைசில ஒரே ஒரு குட்டி மட்டும் திரும்பி என்னப் பாத்து

'கொம்பையாண்ணே, கத போதும். வண்டி வந்துட்டு. வாங்க.'