வெறும் வயிற்றில் ஒரு நடை

மார்ச் 4
"கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு, பாத்துக்கோங்க" என்றார் ஸ்கேன் பார்த்த டாக்டர். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊராருக்குப் பார்வையைச் சரிசெய்கிறேன். என் இடுப்பு மட்டும் என் கண்ணில் படவே இல்லை!

மார்ச் 5
ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் தங்கையிடம் போனில் புலம்பினேன்.
"சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் முடிச்சுட்டுத்தானே நடக்கப் போறே? உடம்பு முதல்ல அந்த பிஸ்கட்டைத்தான் எரிக்கும், சேர்த்து வச்ச கொழுப்பை எதுக்குத் தொடப்போகுது? காலையில சாப்பிடறதுக்கு முன்னாடி நட, அக்கா. ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள்ள முடி."
காலை நடை சரி. ஏழு மணிக்குச் சாப்பாடா? அச்சகத்தில் மதிய ஷிப்ட் பார்க்கும் இவர் வீடு திரும்பவே பத்தாகிவிடும். நாங்கள் சேர்ந்து உட்காருவதே அந்தச் சாப்பாட்டுக்குத்தான்.

மார்ச் 9
முன்னதாகவே சாப்பிட்டுவிட்டு, இவர் எதிரில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்தேன்.
"ஒவ்வொரு வாயையும் எண்ணுற மாதிரி பாத்தா நான் எப்படிச் சாப்பிடறது?"
எங்கே எண்ணினேன்? பசியோடு பார்த்தேன்!

மார்ச் 14
விடியற்காலை நடை சுகம்தான். வயிறு லேசு, கால் லேசு. வீடுதான் கனம். இவர் இப்போது டிவி முன்னால் சாப்பிடுகிறார்.
"உப்பு போதுமா?"
"ம்."
இன்றைய பேச்சு அவ்வளவுதான். கல்லீரலைக் காப்பாத்தப் போய் இந்த மனுஷனைத் தொலைச்சுடுவேனோ? என்னடி பண்ணப்போறே நீ?

மார்ச் 15
கேட்டேவிட்டேன்.
"என் மேல என்ன கோவம்?"
"கோவமெல்லாம் இல்ல. தனியாச் சாப்பிடப் பிடிக்கல." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
"அப்போ காலையில என்கூட நடக்க வாங்க."
"ஆறு மணிக்கா? சூரியனை நேர்ல பாத்தே பல வருஷமாச்சு!"

மார்ச் 17
வந்தார்! பாதித் தெருவரை கண்ணைத் திறக்கவில்லை. பிறகு வாயைத் திறந்தார் – மூடவே இல்லை. மெஷினில் சிக்கிய காகிதம், மேற்பார்வையாளரின் புது மீசை... வீட்டுக்கு வந்து முட்டையும் ரொட்டியும் ஒரு வெட்டு வெட்டினோம், சேர்ந்தே. இனி ராத்திரிச் சாப்பாட்டை அச்சக இடைவேளையிலேயே முடித்துக்கொள்வாராம்.

ஜூன் 20
மறு ஸ்கேன். கொழுப்பு குறைந்திருக்கிறது!
"நேரம் மாத்தினது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. விடாம நடந்தீங்க பாருங்க, அது பெரிசு" என்றார் டாக்டர்.
எதுவாக இருந்தால் என்ன?

ஜூன் 23
மழை கொட்டுகிறது. நடக்கப் போக வழியில்லை. இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்று புரண்டு பார்த்தால், பக்கத்தில் இவர் இல்லை. எனக்கு முன்பே எழுந்து, ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு வைத்திருந்தார்.