பின் இடப்பக்கத்துச் சத்தம்

மார்ச் 4, செவ்வாய்

வண்டி வந்து நாற்பத்தோரு நாள். இன்றைக்கும் அந்தச் சத்தம். டொக்... டொக்டொக். பின்னால், இடப்பக்கம். வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரு தடவை. குண்டும் குழியுமான ரோடு என்றால் யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுகிற மாதிரி விடாமல்.

"ஏங்க, பின்னாடி என்னமோ தட்டுது, கேக்குதா?" என்றேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். "ம்" என்றார். அந்த "ம்"முக்கு அர்த்தம் ஒன்றுமில்லை என்பது பதினெட்டு வருஷமாகக் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா?

பழைய சின்னக் கார் போடும் கூச்சலில் ரெண்டு பேரும் கத்திக் கத்தித்தான் பேசுவோம். ஆனாலும் பேசினோம். இந்தப் பெரிய வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் குண்டூசி விழுந்தாலும் கேட்கும், அவ்வளவு அமைதி. பேச்சுத்தான் நின்றுவிட்டது. உயரத்தில் ஏறி உட்கார்ந்ததும் இவருக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டதோ?

மார்ச் 9, ஞாயிறு

இதே வண்டி வைத்திருப்பவர்கள் இருநூறு பேர் சேர்ந்து போனில் ஒரு குழு. வண்டி வருவதற்கு முன்பே இவர் அதில் சேர்ந்தாயிற்று. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பெருமையாகக் காட்டினார். மூன்றாவது வரிசையில் பெட்டிதான் உட்காரலாம், மனுஷன் முடியாது என்று ஒருவர். டிக்கிக் கதவு தலையில் இடிக்கிறது என்று ஒருவர். அப்புறம், அட, எட்டுப் பத்துப் பேர் அதே சத்தத்தைச் சொல்லியிருக்கிறார்கள்! பின் இடப்பக்கம், டொக் டொக்.

அதற்குக் கீழே இவர் எழுதியிருந்தது: "என் வண்டியில் அப்படி எந்தச் சத்தமும் இல்லை. பூனை மாதிரிப் போகிறது."

"என்ன அண்டப்புளுகு இது!" என்றேன்.

"எங்க கேக்குது? உனக்குப் பிரமை."

"இல்லப்பா, நிஜமாவே கேக்குது" என்றாள் மகள். அவளுக்குப் பதினைந்து வயது. அம்மா பக்கம் பேசுவது வருஷத்தில் ஒரு நாள்.

"ரெண்டு பேரும் கூட்டு" என்று சிரித்தார். பொய் சொல்கிற ஆள் இல்லை. அதுதான் மண்டையைக் குடைகிறது.

மார்ச் 10, திங்கள்

சத்தமே இல்லை என்று இருநூறு பேருக்கு எழுத இவருக்கு என்ன அவசியம்?

மார்ச் 15, சனி

சர்வீஸ் சென்டர். குறிப்பெடுக்க உட்கார்ந்த பெண்ணிடம் இவர் ஒரு பட்டியலே வாசித்தார். இடப்பக்க ஸ்பீக்கர் மந்தமாக இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது இடப்பக்கத்துப் பீப் சத்தம் வருவதில்லை, அதனால்தான் பார்க்கிங் தூணில் ரெண்டு தடவை உரசியது. வலப்பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ரிவர்ஸ் எடுத்தால் எது கேட்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. என் பங்குக்கு டொக்டொக்கைச் சொன்னேன்.

அந்தப் பெண் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார் சொல்றத மேடம் சொல்லல, மேடம் சொல்றத சார் சொல்லல. ஒரே வண்டிதானே?"

ரெண்டு மணி நேரம் கழித்து வந்து, ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது, பீப் நன்றாக இருக்கிறது, டொக்டொக் அவர்கள் ஓட்டும்போது வரவில்லை என்றாள். அது எப்படி வரும்? நம் மானத்தை வாங்குவதற்கென்றே இருக்கிற வண்டி.

"இவங்களுக்கு வேலையே தெரியல" என்று வழி நெடுகப் புலம்பினார். பேச்சு வராத வண்டியில் இன்றைக்குப் புலம்பலாவது வந்தது.

மார்ச் 22, சனி

பிடித்துவிட்டேன்!

இவர் ஓட்ட, நான் மூன்றாவது வரிசைக்குள் உடம்பை மடக்கி நுழைந்து, காதைப் பிளாஸ்டிக்கில் வைத்துக்கொண்டே நாலு தெரு வந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. "அம்மா போலீஸ்ல சேந்திருக்கணும்" என்று மகள் முன்னால் உட்கார்ந்து கெக்கலித்தாள். மூன்றாவது வரிசையின் இடப்பக்க பெல்ட், அதன் இரும்பு நாக்கு பக்கவாட்டுப் பலகையில் போய் மோதுகிறது. அவ்வளவுதான். நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி ஒன்று கைப்பையில் இருந்தது. நடுவே சொருகினேன். சத்தம் போன இடம் தெரியவில்லை.

"நின்னுடுச்சுங்க!"

"இருந்தாத்தானே நிக்கிறதுக்கு?"

இன்னொரு விஷயமும் கண்ணில் பட்டது. முன்னால் இருக்கும் திரையில், பாட்டுச் சத்தத்தை இடமும் வலமும் பங்கு பிரிக்கிற அமைப்பில், புள்ளி முழுக்க இடப்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. நடுவில் வைத்தேன். மகளைக் கேட்டால், "நான் தொடவே இல்லம்மா, சத்தியமா."

மார்ச் 24, திங்கள்

புள்ளி மறுபடி இடப்பக்கம்.

மார்ச் 27, வியாழன்

இன்றைக்கு மனசே சரியில்லை.

கடையில் முதலாளி கூப்பிட்டு, புதுக் கிளையை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பதினோரு வருஷமாக மற்றவர்கள் கண்ணைச் சோதித்துக்கொண்டு மூலையில் நின்றவள். இவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று மகளிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தேன். திரும்பி வரும்போது சிக்னலில் வண்டி நின்றது. மெதுவாகச் சொன்னேன்.

"பச்சை விழுந்துடுச்சு" என்று கியரைப் போட்டார்.

அவ்வளவுதானா? நான் பேசுறது இவருக்கு ஒரு பொருட்டே இல்லையா? கோர்ட்டுல ஊரார் பேசுறத ஒரு எழுத்து விடாம சுருக்கெழுத்துல எழுதத் தெரியுது, பக்கத்துல உக்காந்திருக்கிறவ பேசினா மட்டும் காது அடைச்சுக்குமா? போதும். இனிமே நான் முன் சீட்டுல உக்காரவே மாட்டேன்.

மார்ச் 29, சனி

சொன்ன மாதிரியே பின் சீட். இவருக்கு நேர் பின்னால், வலப்பக்கம். முன்னால் மகள் ராணி மாதிரி. "கல்லோட குடித்தனம் பண்றேன்" என்று எனக்குள்ளேதான் முணுமுணுத்தேன்.

"யாரு கல்லு?" என்றார் உடனே.

வசவு மட்டும் எப்படிக் காதில் விழுகிறது?

ஏப்ரல் 2, புதன்



கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை கடகடவென்று வாசித்தார். எனக்குச் சந்தேகம். பலகையைத் திருப்பி மாட்டினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டார். காத்திருந்தபோது மற்றவர்கள் வாசித்ததைக் கேட்டு மனப்பாடம் பண்ணியிருக்கிறார். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்களேன்" என்றேன். "சொல்ல பயமா இருக்கும்மா" என்றார்.

கையில் லென்ஸோடு அப்படியே நின்றேன். வீட்டில் நான் பேசும்போது இவர் என் முகத்தையே பார்க்கிறார். கொஞ்ச நாளாக இவ்வளவு ஆசையா என்று நானும் மனசுக்குள் பூரித்துப்போனேனே! வாயைப் பார்த்திருக்கிறார். வண்டியில் ரோட்டைப் பார்க்க வேண்டும், வாயைப் பார்க்க முடியாது. நான் உட்காருவது இவருக்கு இடப்பக்கம். ஸ்பீக்கர் இடப்பக்கம். பீப் இடப்பக்கம். டொக்டொக்கும் இடப்பக்கம். வலப்பக்கம் உட்கார்ந்து முணுமுணுத்தால் கேட்கிறது.

ஜனவரியில் கோர்ட்டில் தன் மேசையை எதிர்ப்பக்கம் மாற்றிப் போடச் சொன்னார். வெளிச்சம் போதவில்லை என்றார். நான் என்ன பண்ணினேன்? கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைச் சோதித்தேன். கண் பிரமாதம் என்று முதுகில் தட்டி அனுப்பினேன். நானெல்லாம் ஒரு பரிசோதகி.

ஏப்ரல் 6, ஞாயிறு

பார்க்கிங்கில் வண்டி நின்றபடி இருந்தது. "கொஞ்சம் உக்காருங்க, நேரா அந்தத் தூணையே பாருங்க" என்றேன். கடையில் சொல்கிற அதே குரல். வழக்கமான என் சீட்டில் உட்கார்ந்து, "நான் உங்க மேல கோவமா இருக்கேன்" என்று தணிந்த குரலில் சொன்னேன். தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிச் சுற்றி வந்து வலப்பக்க ஜன்னலோரம் நின்று அதே குரலில் அதையே சொன்னேன்.

"தெரியும்" என்றார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பத்துலேருந்து?"

"ஏழெட்டு மாசம் இருக்கும். மொதல்ல போன்லதான் கோளாறுன்னு நெனச்சேன். வண்டி வந்ததும், ஸ்பீக்கர்தான் கோளாறுன்னு நெனச்சு அந்தப் புள்ளிய இடப்பக்கம் தள்ளித் தள்ளி வெச்சேன். கோளாறா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்னு வெச்சுக்கோயேன். ஸ்பீக்கர்னா மாத்திடலாம். என்னை என்ன பண்றது? காத வெச்சு சோறு திங்கிறவன்மா நான்."

எனக்கு வந்த அழுகையை அடக்கத் தெரியவில்லை. கிளை விஷயத்தை வலது காதில் இன்னொரு தடவை சொன்னேன். "இத எப்ப சொன்ன?" என்றார். சிக்னல்ல என்றேன். கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

டாக்டரிடம் வரமாட்டாராம். காகிதத்தில் எழுதிவிட்டால் வேலை போய்விடுமாம். மகளும் கெஞ்சிப் பார்த்தாள். பிடித்த பிடி.

ஏப்ரல் 12, சனி

இன்றைக்கு நான் கெஞ்சவில்லை. கேட்டேன்: "இடப்பக்கத்துலேருந்து ஒரு சாட்சி பயந்து பயந்து மெதுவா பேசுறாங்க. நீங்க அத விட்டுட்டீங்கன்னா? அது யாரோ ஒருத்தரோட வாழ்க்கை இல்லையா?"

 எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வண்டிய நீயே ஓட்டு" என்றார். முதல் தடவையாக அந்த ஸ்டியரிங் என் கையில். பயமாக இருந்தது. நன்றாகவும் இருந்தது.

ஏப்ரல் 19, சனி

ஸ்கேனில் பயப்படும்படி ஒன்றுமில்லை. இடது காது நரம்பு தளர்ந்திருக்கிறதாம். போன கேட்புத் திறன் திரும்ப வராது. கருவி வைத்தால் கேட்கும். வேலையை விட வேண்டியதில்லை என்று டாக்டர் ரெண்டு தடவை சொன்னார். ரெண்டு தடவையும் இவர் டாக்டரின் வாயைத்தான் பார்த்தார்.

மே 10, சனி

இன்று கருவி. பட்டாணி அளவுகூட இல்லை. மாட்டிவிட்டதும் தன் சட்டைக் கையை உரசிப் பார்த்து, "இது இவ்வளவு சத்தம் போடுமா?" என்றார்.

அவர் உள்ளே இருந்தபோதே நான் வண்டிக்குப் போய், மூன்றாவது வரிசைக்குள் நுழைந்து, மஞ்சள் துணியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். மகளிடம் மட்டும் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

அவர்தான் ஓட்டினார். நான் முன் சீட்டில், இடப்பக்கம்.  முதல் வேகத்தடை. டொக். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.  ரெண்டாவது வேகத்தடை. டொக்டொக்.

வண்டியை ஓரம் கட்டினார்.

"பின்னாடி என்னமோ தட்டுதே... கேக்குதா உனக்கு?"

"ம்" என்றேன்.  மகள் பின்னால் கைதட்ட ஆரம்பித்துவிட்டாள்.

 அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து அந்தக் குழுவில் எழுதினார்: "என் வண்டியிலும் பின் இடப்பக்கச் சத்தம் கேட்கிறது. மிக்க மகிழ்ச்சி."

வீடு வந்து சேருவதற்குள் ஒருவர் பதில் போட்டிருந்தார்: "சத்தம் வந்ததுக்கு எதுக்குய்யா மகிழ்ச்சி?"

துணி இன்னும் என் பையில்தான் இருக்கிறது. இப்போதைக்குச் சொருகுவதாக இல்லை.