குளிர்த்தொட்டி மீன்கள்

அண்ணனுக்கு,

இன்று ஆய்வகத்தில் குளிர்த்தொட்டி மீன்களை அறுத்துப் பார்த்தோம். எல்லாவற்றுக்கும் இதயம் பெருத்திருந்தது. நோய் ஒன்றுமில்லை. குளிரில் இரத்தம் கெட்டிப்படுவதால், அதைத் தள்ளுவதற்காக இதயம் தானே தடித்துக்கொள்ளும்.

நாம் பேச்சை நிறுத்திய பிறகு அண்ணி நேற்றுதான் முதன்முறையாக போன் செய்தார். "உங்க அண்ணனுக்கு ஹார்ட் பெரிசாயிடுச்சாம்" என்றார்.

"அவனுக்கா? எப்பலேருந்து அவ்வளவு பெரிய மனசு?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணி சிரிக்கவில்லை. "டாக்டர் சொன்னாரு" என்றார்.

தண்ணீரை மெல்ல மெல்லச் சூடாக்கினால் மீனின் இதயம் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். மனிதருக்கு அப்படியில்லை என்பது எனக்குத் தெரியும்.

இருந்தாலும் சனிக்கிழமை வருகிறேன். நீ பேச வேண்டாம், கதவை மட்டும் திற.

தங்கை