மேலும் அறிய இங்கே சொடுக்கவும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பா நலம், அவருடைய முதுகுவலியும் நலம், மாலைக் கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து நான் மட்டும் அரை நலம், நீயாவது முழு நலமாக இரு.

போன வருடம் நான் கோட்டை விட்ட அதே பாடம்தான், இந்த முறையும் போனால் பெயரையே நீக்கிவிடுவார்கள் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு நாலு பேராகச் சேர்ந்து வகுப்பு முன்னால் பேச வேண்டுமாம். தலைப்பு, வாடிக்கையாளர் புகாரைக் கையாள்வது. எனக்கு வாய்த்த ரத்தினங்களைக் கேள். ஒருவர் பஸ் ஓட்டுநர், கூடிப் பேசக் கூப்பிட்டால் தவறாமல் வருவார், வந்ததும் தவறாமல் தூங்குவார். பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கும் பெண் எழுத்துக்கு எந்த நிறம் என்று மூன்று வாரம் யோசித்து, மஞ்சள் பின்னணியில் மஞ்சள் எழுத்தைப் போட்டாள். மூன்றாவது ஒரு செருப்புக் கடை மேனேஜர், எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்க்கா" என்பான், அதையே அவனுக்குப் பெயராக வைத்துவிட்டேன். உழைத்தது நான் ஒருத்திதான் என்றால் உன் அப்பா சிரிக்கிறார்.

பேச வேண்டிய அன்றைக்குப் பாத்துக்கலாம் தன் பங்கை இணையத்தில் எங்கிருந்தோ அப்படியே அள்ளிவந்து, திரையைப் பார்த்துப் படிக்கிறான். மேலும் அறிய இங்கே சொடுக்கவும் என்று படித்துவிட்டு, கையை நீட்டி விரலைச் சொடுக்கினானடி! வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது, ஓட்டுநர்கூட விழித்துக்கொண்டார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலிலேயே என் முறையில் எழுந்து, புகார் கொடுக்கிறவர்களையெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டு உட்கார்ந்தேன்.

முடிந்ததும் விரிவுரையாளர் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, கூட இருந்தவர்களுக்குப் பத்துக்கு எவ்வளவு என்று ரகசியமாக எழுதச் சொன்னார், யாராவது ஒருத்தர் அஞ்சுக்குக் கீழே போட்டால் அந்த ஆள் ஃபெயில் என்றார். நான் யோசிக்கவே இல்லை. இரண்டு, இரண்டு, ஒன்று.

நேற்று முடிவை ஒட்டினார்கள். எனக்கு முப்பதுக்கு முப்பது. அவர்கள் மூவரும் ஃபெயில். பாத்துக்கலாம் ஓடி வந்து, "எவ்வளவு பாடுபட்டீங்க, நீங்களாவது பாஸாயிட்டீங்களேக்கா. எங்க மூணு பேருக்குள்ளதான் வேலையக் காட்டிட்டாங்க, டிரைவரும் அந்தப் பொண்ணும் ஒருத்தர ஒருத்தர் கவுத்து, என்னையும் கவுத்துட்டாங்களா இருக்கும்" என்றான். நானும் இருக்கும் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

கண் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. எல்லாம் நல்லபடி நடக்கட்டும், உனக்கு நல்ல கூட்டாளிகள் கிடைக்கட்டும். நீயாக இருந்தால் எவ்வளவு போட்டிருப்பாய் என்று மட்டும் பதிலில் எழுதாதே.

இப்படிக்கு,
தேர்ச்சி பெற்ற உன் அம்மா