பிராக்கில் என் இடம்

பிந்துஜாவுக்கு,

எனக்கு முட்டுவலி கிடையாது. பிராக் நகரைச் சுற்றிப் பார்க்க நீ அழைத்ததை நம்பி, நடப்பதற்கென்றே செருப்பு வாங்கி வைத்திருக்கிறேன். நேற்று சர்ச் வாசலில் உன் மாமியார் நாலு பேர் கேட்கச் சொன்னார்: “முட்டுவலியோட நீங்க நடக்கண்டாம், ரூம்ல பிள்ளயப் பாத்துட்டு இருந்தா போதும்னு பிந்துஜா சொன்னாளாக்கும்.”

உன் பிரசவத்துக்கு லண்டன் வந்தபோதும் உன் அடுக்களை ஜன்னலை மட்டுமே பார்த்துத் திரும்பினேன். அப்போது வாய் திறக்கவில்லை.

பிராக் கோட்டைக்கு ஏறும் வழியை உன் அப்பா இருந்தபோதே எனக்குச் சொல்லித் தந்தார். இருவரும் ஏறுவதாக இருந்தோம். நான் ஏறத்தான் வருகிறேன். பிள்ளையும் கூட வரட்டும். ரூமில் இருத்தத்தான் என்றால் டிக்கெட் எடுக்காதே.

போன் செய்யாதே. நீ அழுவாய், நான் சம்மதித்துவிடுவேன். பதிலை எழுதி அனுப்பு.

உன் அம்மை